இரட்டைப் பிள்ளை எந்த வழி?

(பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

மனித இனத்தில் ஒரு பேற்றுக்கு ஒரு குழந்தை என்பதே இயற்கையின் பொது விதி. இந்த விதிக்கு விலக்காகத் துணையோடு வந்து பிறப்பவர்களை நாம் இரட்டையர் என்கிறோம். தமிழ் இலக்கியம் பயிலும் நண்பர்களுக்கு உடனே இரட்டைப் புலவர்கள் நினைவுக்கு வரலாம். அவர்கள் உண்மையில் இரட்டையர் அல்லர். கண் இல்லாத ஒருவரும் கால் இல்லாத ஒருவரும் இணைபிரியாது வாழ்ந்தமையால் வந்த பெயர் அது.

உண்மையான இரட்டையரை நாடு அறிந்த பெயர்களில் தேடினால், 1887-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் கர்னூலில் பிறந்த ஆற்காடு இராமசாமி முதலியாரையும் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியாரையும் சொல்ல வேண்டும். இருவரும் சென்னைக் கிறித்துவக் கல்லூரி மாணவர்கள். அந்தக் கல்லூரி அக்காலத்தில் ஜார்ஜ் டவுனில் இருந்தது; 1937-இல்தான் தாம்பரத்துக்கு வந்தது. மூத்தவர் அரசியலிலும் நிர்வாகத்திலும் உயர்ந்து, 1946-இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவரானார். இளையவர் மருத்துவர். 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். அவர் எந்தத் துறை மருத்துவர் என்பதுதான் எனக்குச் சுவையாக இருந்தது. அவர் பிரசவ மருத்துவர்! இரட்டையாகப் பிறந்த ஒருவர் பிறரின் பிள்ளைப் பேற்றைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டு, அதற்கு ஆங்கிலத்தில் பாடநூலும் எழுதினார். அந்த நூல் பல பதிப்புகளாகத் திருத்தப்பட்டு மருத்துவ மாணவர்களால் படிக்கப்பட்டு வந்திருக்கிறது.

இரட்டையர் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு நிகழ்ச்சிகள் ஒளிந்திருக்கின்றன. இதைப் பிரித்துக்கொள்ளாமல் பரம்பரையைப் பற்றிப் பேசவே முடியாது.

ஒரு கருமுட்டை ஒரு விந்தணுவோடு சேர்ந்து கருவாகி, பிறகு சில நாட்களுக்குள் அந்தக் கரு இரண்டாகப் பிரிவது ஒருவகை. இவர்களை ஒரு கரு இரட்டையர் என்பர். ஜீன்கள் ஒன்றே, ஆகையால் இருவரும் ஆணாக இருப்பர், அல்லது இருவரும் பெண்ணாக இருப்பர். மற்றொரு வகையில், தாயின் சூலகத்திலிருந்து ஒரே மாதத்தில் இரண்டு முட்டைகள் வெளிவந்து, இரண்டு விந்தணுக்களால் தனித்தனியே கருவுறுகின்றன. இவர்கள் இரு கரு இரட்டையர். வெவ்வேறு ஆண்டுகளில் பிறக்கும் அண்ணன் தம்பி, அக்காள் தங்கைக்கு இடையே எவ்வளவு ஒற்றுமையோ அவ்வளவுதான் இவர்களுக்கும். ஒரே பேருந்தில் ஏறி வந்துவிட்டார்கள் என்பது தவிர வேறு விசேடம் இல்லை.

ஒரு ஊரில் இவ்விரு வகையும் எவ்வளவு என்று ஒருவரையும் சோதிக்காமல் கணக்குப் போட ஒரு வழி உண்டு. அதைக் கண்டவர் வில்ஹெல்ம் வெயின்பெர்க். நம் மரபியல் பாடத்தில் 'ஹார்டி - வெயின்பெர்க் விதி' என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்த வெயின்பெர்க்தான். அவர் பேராசிரியர் அல்லர். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் பிரசவம் பார்த்த மருத்துவர். 1901-இல் அவர் சொன்னது இது. இரு கரு இரட்டையரில் பாதிப் பேர் ஆணும் பெண்ணுமாக இருப்பர். கால் பங்கு இரண்டும் ஆண். கால் பங்கு இரண்டும் பெண். நாணயத்தை இருமுறை சுண்டினால் வரும் கணக்கே இது. ஆகவே ஆண் பெண் சோடிகளை எண்ணி இரண்டால் பெருக்கினால் இரு கரு இரட்டையரின் தொகை கிடைக்கும்; மிச்சம் ஒரு கரு இரட்டையர். எடுத்துக்காட்டாக, 100 சோடிகளில் 30 சோடி ஆணும் பெண்ணும் என்றால், 60 சோடி இரு கரு. 40 சோடி ஒரு கரு. காகிதமும் பென்சிலும் போதும்.

இப்படிக் கணக்கிட்டபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. ஒரு கரு இரட்டையர் எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு: ஆயிரம் பேற்றுக்கு நான்கு. இனம், உணவு, தாயின் வயது எதுவும் அதைப் பெரிதாக மாற்றுவதில்லை. ஆனால் இரு கரு இரட்டையரின் அளவோ இடத்துக்கு இடம் பெரிதும் மாறுகிறது. ஜப்பானில் மிகக் குறைவு. மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியாவின் யோருபா மக்களிடையே மிக அதிகம். அங்கே இக்போ-ஓரா என்னும் ஊர் இரட்டையருக்கே பேர்போனது. இந்தியா குறைந்த பக்கத்தில் இருக்கிறது: இரு வகையும் சேர்த்து ஆயிரம் பேற்றுக்கு எட்டு அல்லது ஒன்பது. எனவே பரம்பரை பேச வேண்டியது இரு கரு இரட்டையரிடத்தில்தான். ஒரு கரு பிரிவது பொதுவாகத் தற்செயல். எந்தத் தாத்தா பாட்டியையும் அதற்குப் பொறுப்பாக்க முடியாது.

இந்தக் கட்டுரையை நான் எழுதப் புகுந்ததற்கு ஒரு வழக்கு காரணம். பெருங்களத்தூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. ஆணும் பெண்ணும் என்றதும் இரண்டு வீட்டுக்கும் பெருமை. "எங்க மாமியாருக்கே ரெட்டை பொறந்துச்சு, அந்த வழிதான்" என்றார் அக்காவின் மாமியார். "எங்க சின்னம்மாவுக்கும் ரெட்டைதான் சம்பந்தி" என்றார் என் அம்மா. பிறகு குழந்தைகள் எடை குறைவு என்று மூன்று வாரம் மருத்துவமனையிலேயே வைத்திருந்தார்கள். அப்பாவும் மாமாவும் மாறி மாறி வேலைக்கு விடுப்புப் போட்டார்கள், கையிலிருந்த பணம் கரைந்தது. உடனே வழக்கு தலைகீழாயிற்று. "எங்க வழியில யாருக்கும் இப்படி இல்லை, உங்க வழியில வந்தது" என்று அதே இரு வீட்டாரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்தவள் நான் ஒருத்தி. "ஏண்டி, நீதானே இதெல்லாம் படிக்கிற, நீயே சொல்லு" என்று அம்மா தீர்ப்பை என்னிடம் விட்டுவிட்டார். கேலியாக இருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி. என் பாடநூல் அதற்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கியிருந்தது. நூலகத்தில் தேடியும் பேராசிரியர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதைக் கீழே தருகிறேன்.

ஏன் பெரும்பாலான பெண்களுக்கு மாதம் ஒரு முட்டை மட்டும் முதிர்கிறது? தாம்பரம் பகுதியில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு மாதமும் சூலகத்தில் பல முட்டைப் பைகள் ஒரே நேரத்தில் வளரத் தொடங்குகின்றன. இவை வரிசையில் வைத்த குடங்கள் என்று கொள்வோம். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. அதுவே தண்ணீர். எந்தக் குடம் முந்தி நிறைகிறதோ, அந்தப் பை தானும் சில ஹார்மோன்களைச் சுரந்து பிட்யூட்டரிக்குச் செய்தி அனுப்பி, குழாயை மூடிவிடுகிறது! தண்ணீர் குறைந்ததும் மற்றப் பைகள் வாடிப்போகின்றன. நிறைந்த பை மட்டும் தாக்குப்பிடித்து முட்டையை வெளியிடுகிறது. சில பெண்களுக்குக் குழாய் சற்று வேகமாக வருகிறது, அல்லது மூட நேரமாகிறது. வேறு சிலருக்குக் குடமே சிறிது. அதாவது கொஞ்சம் ஹார்மோனுக்கே பைகள் வளர்ந்துவிடுகின்றன. இப்படி இரண்டு குடம் நிறைந்துவிட்டால் அம்மாதம் இரண்டு முட்டை.

குழாயின் வேகமும் குடத்தின் அளவும் ஜீன்களில் எழுதப்பட்டிருக்கின்றன. இரு கரு இரட்டையரைப் பெற்ற தாய்மார்களின் ஜீன்களைப் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டனர். இரண்டு இடங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று எஃப்.எஸ்.எச். ஹார்மோனின் ஒரு பகுதியை உருவாக்கும் ஜீனுக்கு அருகில் இருந்தது, இது குழாய். மற்றொன்று எஸ்மேட்-3 என்னும் ஜீன், சூலகம் அந்த ஹார்மோனுக்கு எப்படி இணங்குகிறது என்பதோடு தொடர்புடையது, இது குடம். முதல் இடத்தில் அந்த மாற்றத்தின் ஒரு படி இருந்தால் இரட்டைப் பேற்றின் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுகிறது. இரண்டாவதில் அதைவிடக் குறைவு. 'இரட்டைக்கான ஜீன்' என்று ஒரே ஒரு ஜீன் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிறு சிறு தள்ளல்கள் பல சேர்ந்ததுதான் பரம்பரை.

மனிதரில் இப்படி. ஆட்டிலோ ஒரே ஜீன் பெரிய வேலை செய்திருக்கிறது. நம் செங்கற்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் நாட்டுச் செம்மறியான மெட்ராஸ் சிவப்பு பெரும்பாலும் ஒற்றைக் குட்டியே ஈனும். வங்காளத்தின் சுந்தரவனப் பகுதியில் உள்ள கேரோல் என்னும் சிறிய செம்மறியோ இரண்டு, மூன்று என்று ஈனும். 1790-களில் கல்கத்தாவிலிருந்து வங்காள ஆடுகள் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் போயின. அவற்றின் வழி வந்ததாகக் கருதப்படும் பூரூலா மெரினோ என்னும் இனம் அங்கே பல குட்டி ஈனுவதில் புகழ்பெற்றது. 2001-இல் அதற்குக் காரணமான ஒற்றை மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். பிறகு பார்த்தால், அதே மாற்றம் வங்காளத்துக் கேரோலிலும் இருந்தது! இருநூறு ஆண்டுக்கு முன் கப்பலேறியவற்றின் உறவு ஒரு ஜீனால் தெரியவந்தது. நம் நாட்டிலேயே மகாராட்டிரத்தில் பல்தான் என்னும் ஊரிலுள்ள நிம்ப்கர் நிறுவனத்தார் அந்த ஜீனைத் தக்காணத்துச் செம்மறியில் சேர்த்து, இரட்டைக் குட்டி ஈனும் ஆடுகளை உருவாக்கியிருக்கிறார்கள். விலங்கியல் படிப்பவர்கள் இந்தக் கதையைத் தவறவிடக் கூடாது.

இனி அம்மா விட்ட வழக்குக்கு வருவோம்.

இரண்டு முட்டை வெளிவருவது தாயின் உடலில் நடப்பது. ஆகவே கணவனின் ஜீன்களுக்கு அதில் பங்கில்லை. அக்காவின் மாமியாருடைய மாமியாருக்கு இரட்டை பிறந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது அக்காவின் சூலகத்துக்கு எட்டாது. இதுவரை என் அம்மாவின் பக்கம் வெற்றி. ஆனால் இதிலிருந்து 'இரட்டை தாய் வழியில் மட்டுமே வரும்' என்று நினைப்பது தவறு. அக்காவின் ஜீன்களில் பாதி எங்கள் அப்பா கொடுத்தவை. அப்பாவின் அம்மாவுக்கோ, அப்பாவின் உடன்பிறந்த அத்தைக்கோ இரட்டை பிறந்திருந்தால் அதுவும் கணக்கில் வரும். ஆண் அந்த ஜீனைச் சுமப்பான். அவனிடத்தில் அது வெளியே தெரியாது. மகளிடம் போய்த் தெரியும். 'இரட்டை ஒரு தலைமுறை விட்டு வரும்' என்று நம் பாட்டிமார் சொல்வது இதனால்தான். விட்டு வருவதென்று ஒரு விதி கிடையாது. இடையில் ஒரு மகன் வந்தால் விட்டது போலத் தோன்றும். மகள் வந்தால் தொடர்ந்தும் வரலாம்.

மாமியார் வீட்டாரின் பங்கும் வீணாகிவிடவில்லை. அவர்கள் வழி ஜீன் மாமாவின் மூலமாக அக்காவின் பெண் குழந்தைக்குப் போயிருக்கலாம். அவள் பெரியவளாகிக் கருவுறும்போது அது பேசும். ஆண் குழந்தை இரட்டையாகப் பிறந்தவன் என்பதற்காக அவனுக்கு வரும் மனைவிக்கு இரட்டை பிறக்கும் வாய்ப்புக் கூடுவதில்லை.

நம் தமிழ்நாட்டுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. மேல்நாட்டு நூல்களில் 'தாயின் குடும்பம்', 'தந்தையின் குடும்பம்' என்று இரண்டையும் கோடு போட்டுப் பிரித்துவிடுகிறார்கள். தாய்மாமனையும் அத்தை மகனையும் மாமன் மகனையும் மணக்கும் வழக்கம் உள்ள நம் வீடுகளில் அந்தக் கோடு நிற்காது. தாய்மாமனை மணந்தவளுக்கு மாமியாரே பாட்டி. அந்த மாமியாருக்கு இரட்டை பிறந்திருந்தால் அது 'கணவன் வழி'யும்தான், 'தன் வழி'யும்தான். இத்தகைய வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி, இரட்டை பெற்றவள் கருவுற்ற பெண்ணுக்கு இரத்த உறவா என்பதே. எந்த வீட்டில் இருக்கிறாள் என்பது அன்று.

பரம்பரை எவ்வளவு கூட்டுகிறது? தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இரு கரு இரட்டை பிறந்திருந்தால் ஒரு பெண்ணுக்கு வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. இந்தச் செய்தியைப் படித்ததும், உண்மையைச் சொன்னால், என் அக்காவை அல்ல, என்னைத்தான் நினைத்துக்கொண்டேன். பிறகு கணக்குப் போட்டேன். இந்தியாவில் ஆயிரம் பேற்றுக்கு எட்டு ஒன்பது இரட்டையில், ஒரு கரு நான்கு போக, இரு கரு சுமார் ஐந்து. அதன் இருமடங்கு பத்து. அதாவது என்னைப் போல அக்காவுக்கு இரட்டை பிறந்த ஆயிரம் தங்கைகளை நிறுத்தினால், ஏறத்தாழ பத்துப் பேருக்கு இரு கரு இரட்டை, நான்கு பேருக்கு ஒரு கரு இரட்டை. மற்ற 986 பேருக்கும் ஒற்றைப் பிள்ளைதான். 'இருமடங்கு' என்ற சொல் செய்தித்தாளில் பெரிதாகத் தெரியும். சிறிய எண்ணை இரண்டால் பெருக்கினாலும் சிறிய எண்ணே வரும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது நிம்மதியடைந்தாரா, ஏமாற்றமடைந்தாரா என்று முகத்தைப் பார்த்து அறிய முடியவில்லை.

பரம்பரையைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. தாயின் வயது முப்பத்தைந்தை நெருங்கும்போது எஃப்.எஸ்.எச். இயல்பாகவே கூடுவதால் முப்பத்தைந்துக்கும் முப்பத்தொன்பதுக்கும் இடையே இரு கரு இரட்டை மிகுதி. ஏற்கெனவே பல பிள்ளை பெற்றவர்களுக்கும், உயரமும் எடையும் மிக்கவர்களுக்கும் சற்று அதிகம். எல்லாவற்றையும் விடப் பெரிய மாறுதலைக் கொண்டுவந்தது மருத்துவமே. பிள்ளைப் பேற்றுக்காகக் கொடுக்கும் சில மாத்திரைகள் குழாயைத் திறந்துவிடுவது போன்ற வேலையைத்தான் செய்கின்றன. சோதனைக் குழாய் முறையில் ஒன்றுக்கு மேற்பட்ட கருவைக் கருப்பையில் வைப்பதும் உண்டு. அம்முறையில் உலகின் முதல் குழந்தை 1978-இல் இங்கிலாந்தில் பிறந்தது. அதே ஆண்டில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் இந்தியக் குழந்தை பிறந்தது. சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் 1990-இல் வெற்றி கண்டார். உலக அளவில் 1980-களின் தொடக்கத்தில் ஆயிரம் பேற்றுக்கு ஒன்பதாக இருந்த இரட்டை, 2010-15-இல் பன்னிரண்டாகிவிட்டது. ஆண்டுக்குச் சுமார் 16 இலட்சம் சோடிகள். ஆகவே இன்று தெருவில் இரட்டைக் குழந்தைகளைக் கண்டால் பரம்பரை என்று உடனே முடிவுகட்ட முடியாது.

இந்தக் காரணங்கள் எதற்கும் அடங்காத ஊர் ஒன்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், திரூரங்காடிக்கு அருகிலுள்ள கொடிஞ்ஞி. சுமார் 2,000 குடும்பங்கள் உள்ள அச்சிற்றூரில் இருநூற்றுக்கும் மேற்பட்ட இரட்டைச் சோடிகள் இருப்பதாக எண்ணியிருக்கிறார்கள். நாட்டின் சராசரியைப் போலப் பல மடங்கு இது. 2016-இல் ஐதராபாத், கொச்சி, இலண்டன், ஜெர்மனி ஆகிய இடங்களின் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து சென்று இரட்டையரின் உமிழ்நீரும் முடியும் எடுத்து வந்தனர். தண்ணீரா, உணவா, ஜீனா என்று இன்றும் விவாதம் தொடர்கிறது. பிரேசில் நாட்டில் கண்டிடோ கோடாய் என்ற ஊரும் இப்படியே. நாஜி மருத்துவன் மெங்கலே அங்கே வந்து பரிசோதனை செய்ததால்தான் இரட்டை பிறக்கிறது என்று ஒரு பயங்கரக் கதை உலவியது. பதிவேடுகளைப் பார்த்தவர்கள், அவன் அப்பக்கம் வருவதற்கு முன்பிருந்தே இரட்டை பிறந்துவந்ததைக் காட்டினார்கள். ஒரு சில குடும்பங்களே குடியேறிப் பெருகிய ஊர் அது. அந்தச் சிலரில் ஒருவருக்கு இருந்த ஜீன் ஊர் முழுதும் பரவியிருக்கலாம். மரபியலில் இதை நிறுவனர் விளைவு என்கிறோம்.

ஒட்டிப் பிறந்த வாழைப்பழத்தைத் தின்றால் இரட்டை பிறக்கும் என்று எங்கள் வீட்டில் இன்றும் அந்தப் பழத்தைப் பெண்களுக்குத் தருவதில்லை. எப்போதும் தம்பிக்கே அது போகிறது. கருவுற்ற பெண் தின்பதால் இரட்டை ஆவதென்றால், அதற்கு முன்பே இரண்டு முட்டை வெளிவந்திருக்க வேண்டும் அல்லது கரு பிரிந்திருக்க வேண்டும். தின்று என்ன, தின்னாமல் என்ன? எனக்கு இழப்பு பழம் மட்டுமே.

கடைசியாக, வழியைவிட அவசரமான ஒரு செய்தி. இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறையுமுன் பிறந்துவிடுகிறார்கள். ஆகவே இரட்டை என்று எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் இரட்டை என்றதும் அடுத்துப் பார்ப்பது, இருவருக்கும் ஒரே நஞ்சா, தனித்தனி நஞ்சா என்பதை. கருவுற்ற பதினொன்றிலிருந்து பதினான்காம் வாரத்துக்குள் இது தெளிவாகத் தெரியும். பிறகு போகப் போக மங்கும். ஒரே நஞ்சைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு கரு இரட்டையரில் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேற்பட்டோருக்கு, ஒரு குழந்தையின் இரத்தம் மற்றதற்குப் பாய்ந்து இரண்டுக்குமே ஆபத்து நேரலாம். அவர்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டு நஞ்சு என்றால் இந்த ஆபத்து அநேகமாக இல்லை. ஆனால் இரண்டு நஞ்சு இருந்தாலே இரு கரு இரட்டை என்று பலர், செவிலியர் உட்பட, சொல்லிவிடுகிறார்கள், அது சரியன்று. கரு முதல் மூன்று நாளுக்குள் பிரிந்தால் ஒரு கரு இரட்டையருக்கும் தனித்தனி நஞ்சு அமையும். ஆணும் பெண்ணும் என்றால் சந்தேகமே இல்லை. இரண்டும் ஒரே பால் என்றால் ஜீன் சோதனைதான் சொல்லும்.

அக்காவின் பேறுகாலக் கையேட்டில் பன்னிரண்டாம் வாரத்து ஸ்கேன் பக்கத்தில் 'இரட்டை, இரண்டு நஞ்சு' என்று ஒரு வரி எழுதியிருந்தது. இரண்டு வீட்டிலும் அந்தக் கையேட்டைப் பிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை.